கூசாத பல்லுக்குப் பற்பசை

இன்றைக்கு எப்படியாவது என் மனைவியை மலையேற வைத்துவிடுவது என்று காலையிலேயே முடிவெடுத்தேன்.

தன் தங்கை ஆஃப்ராவின் பிரசவத்துக்கென்று ஆயக்குடித் தாய்வீட்டுக்கு இறங்கிய மஹ்ஜபின் இன்னும் திரும்பவில்லை. கொடைக்கானல் பஜாரில் ஊருக்கெல்லாம் ஸ்வெட்டர் விற்கிறேன். வீட்டுக்குப் போனால் எனக்குத்தான் குளிர்கிறது. அவள் திட்டு இல்லாமல் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. "வந்துடு" என்று கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நோய் என்றால் வருவாள். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைக் காட்டச் சொல்வாள். பல்கூச்சத்தை அளக்கத்தான் கருவி கிடையாது. போன் போட்டேன்.

"மஹ்ஜபின், எடப்பக்கக் கடைவாய்ப்பல்லு உசிரு போகுது. தண்ணி பட்டா விண்ணுன்னு தெறிக்குது."

"என்ன பேஸ்ட் தேய்க்கிறீங்க? டியூப்ல போட்டிருக்கிறதப் படிங்க."

அவள் மருந்தியல் படித்தவள். அதை மறந்து தொலைத்துவிட்டேன்.

"சிலிகா..."

"அது அழுக்கைத் தேய்ச்சு எடுக்க."

"சார்பிட்டால்..."

"பேஸ்ட் காயாம இருக்க. இனிப்பும் அதான், ஆனா சொத்தையாக்காது."

"சோடியம் லாரில் சல்பேட்..."

"நுரைக்கு. ஃபுளோரைடு இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"அதான் பல்லு மேல்தோட்டை உறுதியாக்கி, சொத்தை விழாமத் தடுக்கும். பொட்டாசியம் நைட்ரேட்?"

"இல்லையே."

"அதான் நரம்பை அமத்திக் கூச்சத்தைக் கொறைக்கும். அது உள்ளதா வாங்கித் தேய்ங்க."

எனக்குப் போனை வைக்க மனசில்லை. இந்தக் குரலை இவ்வளவு நேரம் கேட்டு எத்தனை நாளாயிற்று! தயாரித்த தேதி, எடை, தொழிற்சாலை முகவரி வரை நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

"நீ பக்கத்துல இருந்தாத் தேவலை."

"இன்னைக்கு வரத்தான் பையக் கட்டி வச்சிருந்தேன்."

எழுந்தே நின்றுவிட்டேன். "இப்ப வலி கொறஞ்ச மாதிரி இருக்கு!"

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"மொதல்ல எடப்பக்கம்னீங்க. பொய் சொல்ல வாய் கூசலையாக்கும்?"

"கூசலை. நீ வெரசா வா."

"எப்படி வர? நீங்க பேசினதையெல்லாம் எங்கம்மா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மாப்பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுக்கணும்னு, நீங்க தேதி படிச்சப்பவே பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாங்க. பச்சப்பிள்ளைக்காரிகிட்ட ஆளு வேணும்ல, நான் தங்கிட்டேன்."

"ஐயோ! பொய்யின்னு சொல்லித் திருப்பிக் கூப்பிடு."

"மாப்பிள்ளை பொய் சொன்னாருன்னு நானா சொல்றது? அங்க வந்து எறங்கினதும் நீங்களே சொல்லுங்க."

மாமியார் மதீனா பீவியிடம் அதைச் சொல்வதா! அதற்கு நிஜமாகவே பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"அப்ப நீ எப்பத்தான் வருவே?"

"பொட்டாசியம் நைட்ரேட் வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும்ங்க."