வெள்ளிக்கிழமை வரை வாரண்டி

"இடது பக்கம் திரும்பவும். நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது காரில் இருந்த செட்டு.

பிசியோ அக்கா எட்டிப் பார்த்தாள். இடது பக்கம் இடுகாட்டு கேட்.

அவள் போக வேண்டியது தையல்காரர் வீட்டுக்கு. பக்கவாதம் வந்து மூன்று மாதமாகக் கட்டிலில் கிடக்கும் மனுஷன். வலது கையில் மூன்று விரல்கள் இப்போதுதான் மெல்ல அசைய ஆரம்பித்திருந்தன. வண்டியை ஓரமாக நிறுத்தியதும் அவரே போனில் வந்துவிட்டார்.

"எங்கம்மா இருக்கே?"

"நீங்க இன்னும் வராத இடத்துல ஐயா. அவசரப்படாதீங்க, நானே அங்க வர்றேன்."

பிசியோ அக்கா வீடு வீடாகப் போய் கைகால் விழுந்தவர்களை எழுந்து நடக்க வைப்பவள். அவளிடம் பயிற்சி எடுத்தவர்களில் பாதிப் பேர் சிகிச்சையால் நடந்தார்கள். மீதிப் பேர் அவள் போட்ட சத்தத்துக்குப் பயந்து நடந்தார்கள். அப்பேர்ப்பட்டவளை ஒரு திரைப் பெட்டி பதினைந்து நாளாக ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது. பத்துத் தடவை போன வீட்டுக்கும் அவளுக்கு வழி ஞாபகம் நிற்காது; பாட்டும் பாடி வழியும் காட்டும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது வழி கேட்டால் பாடியது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினால் பின்னாலிருந்து, "எங்கே போகிறீர்கள்? யு திருப்பம் எடுக்கவும்" என்று கத்தியது.

ஏஜென்சி மேனேஜரம்மாவின் அழைப்பும் அன்றைக்கே வந்தது.

"இந்த மாசத்துல இது அஞ்சாவது தடவ. இன்னொரு தடவ லேட்டாப் போனீங்கன்னா தையல்காரர வேற ஆளுக்கு மாத்திடுவேன்."

"மேடம், அவருக்கு இப்பத்தான் விரல் அசைய ஆரம்பிச்சிருக்கு!"

"அடுத்த ஆளு போனாலும் அசையும்."

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அந்த மூன்று விரலுக்காக அவள் எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள்! வேறு ஒருத்தி வந்து, "முடிஞ்சா அசைங்க ஐயா" என்று மரியாதையாகச் சொன்னால் அந்த மனுஷன் அப்படியே திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவார்.

வீட்டில் புருஷன்காரர் பரம சாது. குடும்பத்துக்கு வேண்டிய கோபத்தை எல்லாம் அவளே எடுத்துக்கொண்டதால் அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"போன்ல வழி பாத்துப் போயேம்மா" என்றார்.

"ஓட்டும்போது போனத் தொட்டா வேலை காலின்னு ஏஜென்சி ரூலு. அதோட, இவன் வித்த செட்டு அங்க உக்காந்து என் கழுத்த அறுக்கும், நான் போன நோண்டிக்கிட்டுப் போகணுமா? முடியாது. மாத்திக் குடுக்கணும்!"

அவர் வாரண்டி அட்டையைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமையோட முடியுது. இன்னும் ஒரு வாரந்தான்."

மறுநாள் சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக அவள் கார் கம்பெனியில் நின்றாள். பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர். புது வண்டி வாங்க வந்தவர்களைச் சுற்றி ஏழு பேர் நின்று பழச்சாறு கொடுத்து உபசரித்தார்கள். பழைய வண்டிக்காரர்கள் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. மூலையில் மட்டும் ஒரு மேசை, மேலே 'புகார்களுக்கு இங்கே அணுகவும்' என்று பலகை, கீழே நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு சோகமாக உட்கார்ந்திருந்தார்.

அவள் கைப்பையை மேசைமேல் தொப்பென்று போட்டாள். அவர் துள்ளி எழுந்தார்.

"உக்காருங்க சார்! என் செட்டுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"செட்டா?" என்று பெருமூச்சு விட்டார். "தானாப் பாடுதா?"

"ஆமா."

"தப்பா வழி சொல்லுதா?"

"ஆமா! எப்படித் தெரியும்?"

"எல்லா செட்டும் அப்படித்தாம்மா இருக்கு."

வந்ததே கோபம்! "எல்லாம் அப்படித்தான்னு தெரிஞ்சுமா சார் தலையில கட்டுனீங்க? எதுக்கு வித்தீங்க? இடுகாட்டுக்கு வழி காட்டுறதுக்கா? அங்க போக எனக்கு வழி தெரியாதா? நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போவாங்க, எதுக்கு செட்டு?"

அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."

"எத எழுதுறீங்க?"

"நீங்க கேட்ட கேள்விய. ரொம்ப நல்லாக் கேட்டீங்க."

இப்படி ஒரு பொறுமைசாலியைக் கொண்டுவந்து புகார் மேசையில் போட்டவன் மகா கெட்டிக்காரன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைசியில் அவர் ஒரு யோசனையும் சொன்னார். செட்டின் பட்டனைப் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து, முதலிலிருந்து புதிதாக ஆரம்பிக்குமாம். ஒர்க்‌ஷாப்பில் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

அவள் அழுத்தினாள். எல்லாம் அழிந்தது. அதோடு தமிழும் அழிந்தது. செட்டு இப்போது எந்த நாட்டுப் பாஷை என்றே தெரியாத ஒரு பாஷையில் பேசியது. உள்ளே இருந்த பெண் வலது என்கிறாளா இடது என்கிறாளா என்று புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்தையும் தாண்டிப் போகும்போது அவளுக்கும் கோபம் வந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது. இரண்டு பொம்பளைகளும் அவரவர் பாஷையில் வழி நெடுக ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே போனார்கள்.

திங்கட்கிழமை மறுபடியும் அதே மேசை.

"சார், உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்! கிணறு வெட்டப் பூதம் கிளம்பிருச்சு."

"பாஷை மாறிடுச்சா?" என்று அவர் உடனே கேட்டார்.

"அதுவும் தெரியுமா? தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"எனக்கும் அப்புறந்தாம்மா தெரிஞ்சுது" என்றார் அவர் பரிதாபமாக. "பேட்டரி வயரக் கழட்டிட்டு அரை மணி நேரம் கழிச்சு மாட்டுனா சரியாகும்ங்கிறாங்க. அத இன்னும் யாரும் பண்ணிப் பாக்கல."

"நான் என்ன உங்களுக்குச் சோதனை எலியா?"

"'சோதனை எலியா'..." என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

வேறு வழி? புருஷன்காரர் டார்ச் பிடிக்க, அவளே வயரைக் கழற்றி மாட்டினாள். பாஷைப் பிரச்சினை தீர்ந்தது. ஏனென்றால் செட்டு பேச்சையே நிறுத்திவிட்டு, நான்கு எண் ரகசியக் குறியீட்டைப் போடு என்று திரையில் கேட்டது. அந்த எண் யாருக்கும் தெரியாது. வழி போயிற்று. ரேடியோ மட்டும் போகவில்லை. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முழுச் சத்தத்தில் ஒரு மெத்தை விளம்பரம் பாடியது. சிக்னலில் நின்றால் ஊரே திரும்பிப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பி, கடைக்குக் கடை நிறுத்தி வழி கேட்டு, தையல்காரர் வீட்டுக்கு இரண்டு நிமிஷம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் பிரேக் போட்டதும் மெத்தை விளம்பரம் அலறியது. அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டதில் நான்காவது விரலும் அசைந்துவிட்டது.

"டாக்டரம்மா, பாத்தியா! நாலு!" என்று அவர் குழறலாகச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "உன்ன மாத்தப் போறாங்களாமே? ஏஜென்சியிலருந்து போன் வந்துச்சு. வேற ஆளு வேண்டாம்மா எனக்கு. நீ திட்டுனாத்தான் இந்தக் கை கேக்குது."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பேசாம விரல மடக்குங்க" என்று ஓர் அதட்டுப் போட்டாள். மனசுக்குள் மட்டும், இந்தச் செட்டை மாற்றாமல் விட்டால் நான் நானில்லை என்று கறுவிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள்.

"'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு ஆரம்பி" என்றார் புருஷன்காரர்.

"மதிப்பு எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு வெறும் 'ஐயா' போட்டாள். இரண்டாம் பக்கத்தில் அந்த ஐயாவும் போய்விட்டது. ஒரு மனுஷனின் நான்கு விரல்கள் உங்கள் ஓட்டைப் பெட்டியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று எழுதினாள். உங்கள் வீட்டில் ஒருவர் படுத்துக் கிடந்து, வர வேண்டியவள் இடுகாட்டு வாசலில் நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். பேனா நிப்பு இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

புதன்கிழமை மேசைக்காரர் அதை முழுசாகப் படித்தார். படித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"அருமையா இருக்கும்மா. ஜென்மத்துக்கும் எனக்கு இப்படி எழுத வராது."

பிசியோ அக்காவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாள் முழுக்க ஊரார் ஏச்சை வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் பாவம், அவன் என்ன செய்வான்? "சார், உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோவம் ஒண்ணுமில்ல" என்றாள்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. நீங்க திட்டுங்க. எனக்குத் தெம்பா இருக்கு."

"வெள்ளிக்கிழமையோட வாரண்டி முடியுதே?"

"அதுக்குள்ள புகார் பதிவாகியிருந்தாப் போதுமாம். அதுக்கப்புறம் மாத்தினாலும் செல்லுமாம். நல்லா விசாரிச்சிட்டேன்." கடிதத்தை மறுபடி புரட்டினார். "வண்டி நம்பர் எங்கயும் போடலையேம்மா?"

"கோவத்துல மறந்துட்டேன். குடுங்க."

"வேண்டாம், வேண்டாம், இருக்கட்டும். நான் போட்டுக்கறேன். இதக் கையோட மேல கொண்டுபோய் மேனேஜர்கிட்டயே காட்டிடுறேன்."

அவள் இருபது நாளில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினாள். புகார் உள்ளே போய்விட்டது, மேலிடத்துக்கே போய்விட்டது, இனி என்ன?

வெள்ளிக்கிழமை நான்கு வீடுகளை முடித்துவிட்டு அவசரமில்லாமல்தான் கம்பெனிக்குப் போனாள். ஆறு மணிக்குத் தையல்காரர் வீட்டில் இருக்க வேண்டும். கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தடித்துப் பத்து நிமிஷம். பிரேக்கை மிதித்தாள், மெத்தை விளம்பரம் அலறியது, பழச்சாறு குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது.

அதே நேரம் ஒர்க்‌ஷாப் கேட்டிலிருந்து ஒரு வண்டி வெளியே வந்தது. அவளுடைய வண்டி மாதிரியே, அதே வகை. ஓட்டி வந்தவர் மேசைக்காரர். உள்ளே புத்தம்புதுத் திரை பளபளத்தது. மெல்லிய பாட்டு கேட்டது. "வலது பக்கம் திரும்பவும்" என்று ஒரு குரல் தேனாகத் தமிழ் பேசியது.

அவளைப் பார்த்ததும் அவர் கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம்மா! நாலு பக்கத்தையும் நின்னபடியே படிச்சேன். மேனேஜர் ஆடிப் போயிட்டாரு. உடனே மாத்தச் சொல்லிட்டாரு!"

வண்டி போய்விட்டது. பிசியோ அக்கா துள்ளிக் குதிக்காத குறை. உடனே புருஷன்காரருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, மாத்தச் சொல்லிட்டாராம்! புது செட்ட ஆபீசரே ஓட்டிப் பாத்து சோதிச்சுக்கிட்டு இருக்காரு. கோவப்பட்டாக் காரியம் நடக்காதும்பீங்களே, பாத்தீங்களா?"

ஐந்து நிமிஷம் நின்றாள். பத்து நிமிஷம் நின்றாள். அவர் திரும்பி வருவதாகக் காணோம். மணி ஐந்தரையை நெருங்கியது. வாட்ச்மேன் வந்து வாரண்டிப் பிரிவின் ஷட்டரைக் கடகடவென்று இழுத்து இறக்கிப் பூட்டினார். அவளுக்குத் திக்கென்றது.

"ஏங்க, என்ன பூட்டுறீங்க? எனக்கு ஆறு மணிக்குப் பேஷண்ட் இருக்கு, அதுக்குள்ள என் செட்ட மாட்டணும். உங்க புகார் ஆபீசர் வண்டிய எடுத்துக்கிட்டு எங்கதான் போனாரு?"

வாட்ச்மேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆபீசரா? அந்தச் சீட்டுல ஆள் இல்லாமப் போயி ஆறு மாசமாச்சும்மா, அவரும் உங்கள மாதிரி செட்டு மாத்த அலைஞ்ச கஸ்டமர்தான், பாவம், அவருக்குக் கோவப்பட வராது."