மூணு ஷேடு காட்டுங்க டாக்டர்

கடவுளே பனியன் தைத்து அனுப்பினாலும், ரிஜெக்ட் அண்ணன் அதில் ஒரு பிசிறைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். திருப்பூரில் எங்கள் கம்பெனிக்கு அவர்தான் ஃபைனல் செக்கிங். நான் தையல் லைன் சூப்பர்வைசர். அதாவது, தினமும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

தன் கல்யாணத்தில் தாலிக்கயிற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

அவருக்குச் சர்க்கரை வந்தது, மாத்திரையும் வந்தது. ஷிப்மென்ட் நாளில் எங்களுக்கு மதியச் சோறு நாலு மணிக்குத்தான். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாக நின்றவர், ஒரே மாதத்தில் இரண்டு முறை வேர்த்து, நடுங்கி, செக்கிங் மேஜை மேலேயே சரிந்தார். ரிப்போர்ட் சரியாகும்வரை ஸ்டோரில் உட்கார்ந்து பட்டன் எண்ணட்டும், இன்னொரு தடவை விழுந்தால் வேலையே கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அந்த மேஜைதான் உயிர். மனுசன் ஒரே நாளில் பாதியாகிப் போனார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது துணைக்கு நான்தான் போனேன். டாக்டரம்மா வேறு மாத்திரை எழுதி நீட்டினார். அண்ணன் சீட்டை வாங்கவில்லை.

"ஏனுங்க டாக்டர், ஒரே கலர் ஷேடைக் காட்டி ஓகே பண்ணுன்னா துணி வாங்கற எந்த பையருங்க ஒத்துக்குவாரு? சாயப்பட்டறைக்காரரே ஏ, பி, சின்னு மூணு துணி காட்டுவாருங்க."

எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா முறைத்தார், பிறகு என்ன தோன்றியதோ, பேனாவை மூடிவிட்டு விளக்க ஆரம்பித்தார். ஏ, பழைய மாத்திரை. விலை குறைவு, தனியாகப் போட்டால் சர்க்கரையை மட்டுமீறி இறக்காது, ஆனால் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். பி, இப்போது போடுவது. சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், சோறு தவறினால் ஆளையும் இறக்கிவிடும். சி, புதுசு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது, ஆனால் விலை ஜாஸ்தி, அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டும், அந்த இடத்தில் தொற்றும் வரலாம்.

எல்லாத்துலயும் டிஃபெக்ட் இருக்கிறதே என்று அண்ணன் இழுத்தார்.

"டிஃபெக்ட் இல்லாத மாத்திரையே கிடையாதுங்க. உங்க பொழப்புக்கு எது தாங்கும்னு பாக்கறதுதான் என் வேலை."

அண்ணன் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் பேசி ஏ-வை முடிவு செய்தார்கள். பத்து நாள் வயிறு படுத்தி எடுத்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்த்தபோது, ஆஹா, எண் கச்சிதம்! அண்ணன் அந்த ரிப்போர்ட்டின் மேலேயே 'அப்ரூவ்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மா இப்போதெல்லாம் பனியன் கம்பெனிக்காரர் யார் போனாலும், ஷிப்மென்ட் நாளில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறாராம்.

அண்ணன் மேஜைக்குத் திரும்பிய அன்றே ஷிப்மென்ட். சோறு நாலரைக்குத்தான் வந்தது. பையில் குளுக்கோஸை வைத்துக்கொண்டு நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கவில்லை, கால் தள்ளாடவில்லை. நின்ற இடத்தில் நின்று என் லைன் துணிகளில் நாற்பதை ரிஜெக்ட் செய்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.