பத்துப் பேர் வேண்டும்

"உங்க வீட்டில எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாராவது இருக்காங்களா?"

பதினான்காவது வீட்டிலும் ஸ்டோர்கீப்பர் இதே கேள்வியைத்தான் கேட்டார். பதினான்காவது கதவும் அவர் மூக்குக்கு நேராகச் சாத்தப்பட்டது. சாத்துவதற்கு முன் அந்த வீட்டு அம்மாள், "எங்களைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்டோர்கீப்பர் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் படியிறங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது.

அவர் வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலையைப் பூட்டி ஒரு வருஷமாகிறது. ஸ்டோர் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தொடப்போகிறவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? போன இடத்திலெல்லாம் மரியாதையாக நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். யாரும் சொல்லியனுப்பவில்லை.

கடைசியில் மனைவிதான் பத்திரிகையிலிருந்து ஒரு விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்தாள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருப்பவள் அவள். வயது வந்தோர் கல்வி நிர்வாகம், தபால் வழியில் ஒரு வருடப் பட்டயப் படிப்பு. என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது: கற்றல் மைய ஒருங்கிணைப்பாளர், பயிற்சி அலுவலர், திட்ட மேற்பார்வையாளர், சிறைக் கல்வி அலுவலர்.

"ஜெயிலுக்குப் போனாலும் அலுவலராப் போகலாம், பாருங்க" என்றாள் அவள். சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததால் இருவருக்கும் அது சிரிப்பு என்றே சட்டென்று பிடிபடவில்லை.

எழுத்துத் தேர்வுகளை அவர் எப்படியோ தாண்டிவிட்டார். மிச்சம் இருந்தது செய்முறை. எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பெரியவர்களைச் சேர்த்து, அறுபது நாள் ஒரு மையம் நடத்திக் காட்ட வேண்டும். பெயர்ப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

இன்று புதன்.

ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாமல் இல்லை. அப்படி யாராவது இருந்தாலும் ஒப்புக்கொள்ள ஆளில்லை. கேள்வியை மாற்றிப் பார்க்கலாம் என்று அடுத்த தெருவில் ஒரு பெரியவரிடம் காகிதத்தை நீட்டி, "இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்" என்றார். உள்ளேயிருந்து வந்த அவர் மகள் வக்கீல். கையெழுத்து வாங்கி வீட்டை எழுதிக்கொள்ள வந்தவன் என்று நினைத்து, கேட் வரைக்கும் விரட்டிக்கொண்டு வந்தாள்.

தெருமுனையில் துணி தேய்க்கிறவர் மட்டும் மறு பேச்சுப் பேசாமல் சம்மதித்தார்.

"எனக்குச் சுத்தமாத் தெரியாதுங்க. உட்கார நாற்காலி உண்டா?"

"உண்டு."

"டீ?"

"அதுவும் உண்டு."

"எழுதிக்குங்க நம்ம பேரை."

ஒருவர் கிடைத்தார். ஒன்பது பேருக்கு எங்கே போவது? வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையோடு உட்கார்ந்தார்.

"தெரிஞ்சவங்களையே தெரியாத மாதிரி உட்கார வைங்க" என்றாள் மனைவி, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "எங்கிட்டத் துணி தைக்கக் கொடுக்கிறவங்க நாலஞ்சு பேர் வருவாங்க. சலூன்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லாம் உங்களுக்குப் பழக்கம்தானே. எங்க அண்ணனையும் கேளுங்க."

"உன் அண்ணனையா? அடிக்க வருவார்."

"கேட்டுத்தான் பாருங்களேன்."

அவள் அண்ணன் துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவர். பெண்டாட்டி போன பிறகு இவர்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். காலையில் பேப்பர் முதலில் அவர் கைக்குத்தான் போக வேண்டும். பத்து நிமிஷம் விரித்து வைத்துக்கொண்டு, "உலகம் உருப்படாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மடித்துப் போடுவார். மாப்பிள்ளையின் படிப்பைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துதான். ஏழு கழுதை வயசில் என்ன படிப்பு?

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. "என்னைப் பாத்தா தற்குறி மாதிரியா இருக்கு மாப்பிள்ளை?"

"சும்மா நடிப்புத்தான் மச்சான். என் பிழைப்புக்காக."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கடைசி வரிசைதான். வெளியில மூச்சு விடக் கூடாது" என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அடுக்குமாடிக் குடியிருப்பின் சைக்கிள் ஷெட்டில் மையம் தொடங்கியது. ஒழுகுகிற மூலையில் ஒரு வாளி. ஒரு கரும்பலகை. ஸ்டோர்கீப்பர் அதில் 'பயிர்ச்சி மையம்' என்று எழுதித் திரும்புவதற்குள், எழுத்தறியாதவராக உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியை கையைத் தூக்கினார்.

"வல்லின 'ற்' போடுங்க. வயல்ல விளையற பயிரா அது?"

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சலூன்காரர் பாடப் புத்தகத்துக்குள் துப்பறியும் நாவல் வைத்துப் படித்தார். மருந்துக்கடைக்காரர் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பினார். சந்தேகம் வந்தால் வாத்தியாரையே கேட்டார். துணி தைக்கக் கொடுக்கும் பெண்கள் ஐவரும் ஒருத்தி மருமகளைப் பற்றி இன்னொருத்திக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், சந்திப்பிழை இல்லாமல்.

மச்சான் நடிப்பு வேறு ரகம். அவர் எதையும் பாதியாகச் செய்கிறவர் இல்லை. பென்சிலைக் கிரேன் நெம்புகோல் மாதிரி பிடித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு 'அ' போட்டார், அது சிக்கல் விழுந்த கயிறு மாதிரி வந்தது. நாளுக்கு இரண்டு பென்சில் முனை உடைத்தார். இரண்டாவது வாரம், கண் மங்கல் என்று சொல்லி முதல் வரிசைக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருவார், எல்லோருக்கும் பின்னால் எழுந்திருப்பார்.

"கொஞ்சம் குறைச்சுக்கலாம் மச்சான்" என்று ஸ்டோர்கீப்பர் அவர் காதில் சொன்னார். "இவ்வளவு வேண்டாம்."

"உன் வேலையைப் பாரு" என்றார் அவர்.

ஒரு நாள் அவர் சிலேட்டில் 'கப்பல்' என்று எழுதியிருந்தார். கோணல்மாணல்தான், ஆனால் தப்பில்லை. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டோர்கீப்பருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடம் இன்னும் 'மரம்', 'படம்' தாண்டவில்லை.

"என்ன மச்சான், இப்படி மறந்துட்டீங்க? இவ்வளவு சீக்கிரம் எழுதினா மாட்டிப்போம். அழிச்சிடுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு உள்ளங்கையால் மெதுவாக அழித்துவிட்டார்.

முப்பதாம் நாள் முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. முன்னேற்றம் இல்லை என்று எழுதினால் தேர்ச்சி கிடையாது. ஸ்டோர்கீப்பர் கொஞ்சம் தாராளமாகவே எழுதினார். பத்துப் பேரும் வாக்கியம் எழுதுகிறார்கள், இடைநிற்றல் அறவே இல்லை. ஒரே வாரத்தில் பதில் வந்தது. மாநிலத்திலேயே இப்படி ஒரு மையம் இல்லையாம். கூடுதல் இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து தேர்வு வைத்துப் பார்ப்பாராம்.

ஸ்டோர்கீப்பர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எல்லோரும் சரியாக எழுதினால் குட்டு உடைந்துவிடும். ஆகவே யார் யார் எந்தெந்தத் தப்பு செய்ய வேண்டும் என்று ஆளுக்கு மூன்று தப்பு வீதம் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஸ்டோரில் பொருள் வழங்கிய பழக்கம், கையெழுத்துக்கூட வாங்கிக்கொண்டார்.

அதிகாரி அம்மாள் நனைந்த குடையோடு வந்தார். நிறைய மையங்களைப் பார்த்துச் சலித்த முகம். மூன்று வாக்கியம் சொல்லி எழுதச் சொன்னார்.

தலைமையாசிரியையுடையது நாற்பது வருஷம் தப்பைத் திருத்திய கை. அது தப்பாக எழுத மறுத்துவிட்டது. சலூன்காரர் தன் சீட்டைத் தொலைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவர் சீட்டைப் பார்த்துக்கொண்டார், அதை அடுத்தவர் பார்த்தார். அதனால் ஆறு பேர் ஒரே வார்த்தையில் ஒரே இடத்தில் ஒரே தப்பு செய்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் எழுதியதை அவர் கடையில்தான் கொடுத்துப் படிக்க வேண்டும்.

அதிகாரி துணி தேய்க்கிறவரைக் கூப்பிட்டுப் பேப்பரை நீட்டினார். அவர் ரேடியோவில் செய்தி வாசிக்கிற ஏற்ற இறக்கத்தோடு அரைப் பக்கம் படித்துக்காட்டினார்.

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பத்தாவதும்மா. நாள் பூரா நின்னு நின்னு கால் வலிக்குது. இங்க உட்காரலாம்."

அதிகாரி கடைசித் தாளைக் கையில் எடுத்தார், மச்சானுடையது. ஸ்டோர்கீப்பர் எட்டிப் பார்த்தார். ஒன்றரை வரி. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழுந்துகொண்டிருந்தன. மீதி வெள்ளை. மூன்று தப்பு செய்யச் சொன்னால் இந்த மனிதர் முப்பது செய்திருக்கிறார். இதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"பத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர் நிஜமா இருந்திருந்தாக்கூட நான் ஏதாவது நல்லபடியா எழுதிட்டுப் போவேன்" என்றார் அதிகாரி. குரலில் கோபம்கூட இல்லை. "யாராவது இருக்கீங்களா?"

மச்சான் எழுந்தார். குடையை எடுக்காமல் மழையில் இறங்கி நடந்துவிட்டார்.

அதிகாரி பதிவேட்டில் 'செய்முறை நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதி, ஸ்டோர்கீப்பரைப் பார்க்காமல் மூடினார்.

வீட்டுக்கு வந்து ஸ்டோர்கீப்பர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

"மத்தவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "தெரிஞ்சதை மறைக்க வரலை, அவ்வளவுதான். உன் அண்ணன்தான் என் பிழைப்பில மண்ணைப் போட்டார். முதல் நாள்லேர்ந்து மிகை. நடிப்புக்கு ஒரு அளவு வேண்டாமா?"

மெஷின் நின்றது. அவள் பின்னறைக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். குரலைத் தணித்துச் சொன்னாள்:

"எங்க அண்ணனுக்கு நடிக்கத் தெரியாதுங்க. படிக்கவும் தெரியாது."