வெள்ளத்தாயின் ஓவர்கோட்டு

தோப்புக்கு வழி சொல்லவே மாட்டேன் என்று டீக்கடை பால்பாண்டி அடித்துச் சொல்லிவிட்டார்.

"வழி கேக்கிறது ஒரு குத்தமா அண்ணாச்சி?"

"கேக்கிறது குத்தமில்ல தாயி, போறதுதான் குத்தம். இந்தா, டீயக் குடி. அடுத்த பஸ்ஸுல ஏறி வீடு போய்ச் சேரு."

நாகஜோதி டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவள் ராஜபாளையத்துப் பெண். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு. பியூலா மிஸ் கடைசியாக ஒரு கட்டுரை கேட்டிருந்தார். தலைப்பு, 'எழுத்தில் நான் வளர்ந்த விதம்'. முதலாண்டில் எழுதிய ஒரு கதையை எடுத்து வைத்துக்கொண்டு, அன்று எப்படி எழுதினேன், இன்றானால் எப்படி எழுதுவேன் என்று சொல்ல வேண்டும். நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டும். நாகஜோதி இதுவரை எழுதியிருந்தது ஒரே ஒரு வரி:

'முதலாண்டில் நான் எதையும் பார்க்காமலே எழுதினேன்.'

அதற்கப்புறம் பேனா நகரவில்லை. வரி என்னவோ உண்மைதான். தினமும் பஸ் ஜன்னல் வழியாக வன்னியம்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்குப் பக்கம் ஒரு மாந்தோப்பு தெரியும். முதலாண்டில் அந்தத் தோப்புக்குள் தன் இஷ்டத்துக்கு ஒரு கிணற்றைத் தோண்டி, அதில் ஒரு மணப்பெண்ணைத் தள்ளி, அவளுக்கு வெள்ளத்தாய் என்று பெயரும் வைத்து ஒரு பேய்க்கதை எழுதியிருந்தாள். ஆந்தை, நரி, முழுநிலவு, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம். எல்லாம் ஒரே பத்தியில். போன வாரம் எடுத்துப் படித்தபோது அவளுக்கே வெட்கத்தில் காது சுட்டது. அதை மிஸ்ஸிடம் கொடுத்ததோடு சரி, வேறு யாருக்கும் காட்டியதில்லை. திரும்பி வந்த தாள்களை இத்தனை நாளும் துணிப்பெட்டிக்கு அடியில்தான் ஒளித்து வைத்திருந்தாள்.

இப்போது வளர்ந்தாயிற்று. இடத்தை நேரில் பார்த்துவிட்டு எழுதுவோம் என்றுதான் விலக்கில் இறங்கியிருந்தாள்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தத் தோப்புல?"

பால்பாண்டி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வெள்ளத்தாய் இருக்கா."

டீ அவள் சுடிதாரில் சிந்தியது.

"எந்த வெள்ளத்தாய்?"

"கெணத்துல விழுந்த பிள்ள. மேட்டுல ஒத்தச் செருப்பு கெடக்கும், எடக்காலுச் செருப்பு. அந்த வழியாப் போறவியகிட்ட எல்லாம், வண்டி போயிட்டானு கேப்பா."

ஒற்றைச் செருப்பும் அவள் எழுதியதுதான். வண்டி போய்விட்டதா என்ற கேள்வியும் அவள் எழுதியதுதான். நாகஜோதிக்கு முதலில் உச்சந்தலை குளிர்ந்தது. அடுத்த நிமிடம் வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. அது பயமில்லை, பெருமை. அவள் கதை எப்படியோ ஊருக்குள் வந்து, ஊர் வாயில் ஏறியிருக்கிறது!

"அண்ணாச்சி, அது நான் எழுதுன கதை!"

"கதையா? ரெண்டு மூணு வருசமா இந்த ஊரே பாத்துக்கிட்டிருக்கு, கதைங்கிற?" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த ஒரு பெண். பெயர் பரிபூரணம். அந்தத் தோப்பில் மாங்காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது போவதில்லை. "நானே பாத்திருக்கேன். உச்சி வெயிலு. மோட்டார் ரூம் பக்கத்துல மில்லு ஓவர்கோட்டப் போட்டுக்கிட்டு நின்னா. 'யக்கா, ஷிப்டு வண்டி போயிட்டா'ங்கா. கூடையப் போட்டுட்டு ஓடியாந்தவதான். இந்த வருசம் அம்புட்டுக் காயும் மரத்தடியில அழுகுது. பறிக்க ஒரு ஆளு வரல."

நாகஜோதிக்குச் சுருக்கென்றது. அழுகும் மாங்காய்க்காக இல்லை.

"ஓவர்கோட்டா? இல்லக்கா, வெள்ளைச் சேலை. கல்யாணப் பொண்ணு. கேக்கிறது மாப்பிள்ள வீட்டு வில்வண்டிய."

"வில்வண்டிய இப்ப யாருட்டி ஓட்டுதா? ஷிப்டு வண்டி. மில்லு வேனு."

"உச்சி வெயில் இல்ல, நடுராத்திரி."

"நடுராத்திரி அங்க எவ போவா, இவ வந்து கேக்கிறதுக்கு?"

முதலாண்டிலேயே இதை யோசித்திருக்க வேண்டும் என்று நாகஜோதிக்குப் பட்டது. ஓவர்கோட்டும் நன்றாகத்தான் இருந்தது. ராஜபாளையத்தில் தினமும் சாயங்காலம் பஞ்சு ஒட்டிய ஓவர்கோட்டோடு மில்லு வேனுக்கு நிற்கிற பெண்களை அவள் பார்க்காமலா இருந்தாள்? அவர்களில் ஒருத்தியைக்கூடக் கதைக்குள் விடத் தோன்றவில்லையே.

அந்த எரிச்சலில், "கால்ல கொலுசு இருக்கும். அதுலயும் ஒரு முத்து விழுந்திருக்கும். சரியாப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

பரிபூரணத்தின் கையில் வடை நின்றது.

"கொலுசு சத்தம் தனியா ஒரு மாதிரி கேக்கும். அது எங்க ஊருக்காரவியளுக்குத்தான் தெரியும். வெளியூர்ப் பிள்ள, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே எழுதுனேன்!"

"பாக்காம எப்படி எழுதுவ?"

"கற்பனைக்கா. சரி, நெசமாவே இந்தக் கெணத்துல யாராவது விழுந்து செத்தாங்களா, சொல்லுங்க."

பரிபூரணம் யோசித்தாள். "யாரு செத்தா? ஒருத்தரும் சாகல. ஆனா அவ இருக்கா."

"பாத்தீங்களா? சாகாம எப்படிப் பேய் வரும்? அப்ப அது என் கதைதான!"

கடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. நாகஜோதி பையிலிருந்து தாள்களை உருவினாள். எழுத்திலேயே காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எழுந்து நின்று உரக்க வாசித்தாள்.

"'நள்ளிரவு! நரிகள் ஊளையிட, ஆந்தைகள் அலற, முழுநிலவின் வெண்ணொளியில் கிணற்றின் ஆழத்திலிருந்து வெள்ளத்தாய் எழுந்தாள்! வழியில் செல்வோரே, சொல்லுங்கள்! என்னை விட்டுவிட்டு வண்டி போய்விட்டதா? போய்விட்டதா?'"

இரண்டாவது 'போய்விட்டதா'வுக்கு அவளை அறியாமல் குரல் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு லாரி போக, காற்றில் கிளிப் தெறித்துத் தலைமுடி முகத்தில் விழுந்தது.

"ஆத்தாடி, கொரலு மாறிருச்சு!" என்றது ஒரு குரல்.

"எறங்கிட்டா!"

பரிபூரணம் சிலுவை போட்டுக்கொண்டாள். பால்பாண்டி கல்லாவுக்கு மேலிருந்த திருநீற்றை அப்படியே அள்ளினார்.

"அண்ணாச்சி, நான் வாசிச்சேன். இது தாளு. பாருங்க, தாளு!"

"ஒம் பேரு என்னத்தா?"

"நாகஜோதி."

"அது இந்தப் பிள்ள பேரு. ஒம் பேரச் சொல்லு."

"ஐயோ, நான் பி.ஏ. தமிழ் மூணாம் வருசம்!"

"பாவம், படிக்கணும்னு ஆசப்பட்டுருக்கா போல," என்று பரிபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மில்லு வேலைக்கு அனுப்பிட்டாக."

நாகஜோதி கோபத்தில் கத்தினாள். கத்தியதும் திருநீறு முழுதும் முகத்தில் விழுந்தது. சரி, அமைதியாக இருப்போம் என்று வாயை மூடினாள். "மௌனமாயிட்டா, இதுதான் மோசம்," என்றார் பால்பாண்டி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரித்தாள். அத்தோடு கடையில் இருந்த மிச்சப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

யாரோ ஒருவர் முடிவு சொன்னார். எங்கேயிருந்து வந்தாளோ அங்கேயே கொண்டுபோய் விட வேண்டும். கிணற்று மேட்டில் இந்தப் பிள்ளை நின்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தால், பிடித்தது அங்கேயே நின்றுவிடும்.

வழி சொல்ல மாட்டேன் என்ற பால்பாண்டியே முன்னால் நடந்து வழி காட்டினார்.

முள்வேலியோடு எல்லோரும் நின்றுகொண்டார்கள். உள்ளே நாகஜோதி மட்டும் போனாள். வெயில் உச்சியில் இருந்தது. இலைகளுக்கு அடியில் நிழல் கெட்டியாகக் கிடந்தது. ஆந்தை இல்லை, நரி இல்லை. அழுகிய மாம்பழங்களின் புளித்த வாடையும், அவற்றின் மேல் குளவிகள் நகர்கிற சத்தமும் மட்டுந்தான். அவள் கதையில் இந்த இடத்துக்கு எட்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தாள். இங்கே ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

கிணறு இருந்தது. அவளாகத் தோண்டியதாக நினைத்திருந்த கிணறு. பக்கத்தில் பூட்டிய மோட்டார் ரூம். மேட்டில் ஒரு ரப்பர் செருப்பு, இடக்காலுக்கு உரியது. வார் பிய்ந்து, ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கு அவள் எழுதாதது.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். கால் மட்டும் நகரவில்லை.

பின்னாலிருந்து பஞ்சு வாடையும் மிஷின் எண்ணெய் வாடையும் வந்தன.

"யக்கா, ஷிப்டு வண்டி போயிட்டா?"

சாதாரணக் குரல். பஸ் ஸ்டாண்டில் யாரும் யாரிடமும் கேட்கிற மாதிரி, லேசாக மூச்சு வாங்கிக்கொண்டு. அப்படி இருந்ததால்தான் நாகஜோதியின் முதுகு விறைத்தது. அலறியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"இல்ல," என்று அவள் வாய் சொன்னது. "இன்னும் வரல."

"அப்பச் செத்த நேரம் நிக்கேன்."

கொலுசு ஒருமுறை கேட்டது. ஒரு முத்து குறைந்த கொலுசு.

நாகஜோதி திரும்பிப் பார்க்கவில்லை. ஓடவும் இல்லை. ஓடினால் அது பின்னால் வரும் என்று ஏனோ நிச்சயமாகத் தோன்றியது. குளவிகளை மிதிக்காமல், ஒவ்வொரு அடியாக வைத்து வேலிக்கு வந்து சேர்ந்தாள்.

"போயிட்டாளா?" என்றார் பால்பாண்டி.

"அண்ணாச்சி, அங்க ஒருத்தரும்..." என்று ஆரம்பித்தவள், அவர் கை மடியில் முடிந்து வந்த திருநீற்றுக்குப் போவதைப் பார்த்தாள். "போயிட்டா."

எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"போறப்ப ஏதாச்சும் சொன்னாளா?" என்றாள் பரிபூரணம்.

"செத்த நேரம் நிக்காளாம்."

வேலியோரம் ஒரு நொடியில் காலியாகிவிட்டது. பால்பாண்டியின் துண்டு மட்டும் முள்ளில் ஆடிக்கொண்டிருந்தது.

செய்தி அவளை முந்திக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறியிருந்தது. நிற்கிற கூட்டத்திலும் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கவே அந்தப் பக்கம் வரவில்லை. ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் நாகஜோதி எல்லா முடிச்சையும் மனசுக்குள் அவிழ்த்துவிட்டாள். குரல் கேட்டது வெயிலால், பசியால். இல்லாவிட்டால் வேலிக்கு வெளியே நின்ற யாரோ செய்த சேட்டை. செருப்பும் அப்படித்தான். கதை ஊருக்கு எப்படி வந்தது? அதுவும் புரிந்துவிட்டது. கதையைப் படித்தவர் பியூலா மிஸ் ஒருவர்தான். 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதிக்கூடக் கொடுத்திருந்தார். பிடித்துப்போய் மற்ற வகுப்புகளில் சொல்லியிருப்பார். வத்திராயிருப்பு, வன்னியம்பட்டிப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கும். அவ்வளவுதான். கேட்டவர்கள் ஆளுக்கொன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முகத்தில் இருந்த திருநீற்றைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்தாள்.

"ஏட்டி, என்ன கோலம் இது? எந்தக் கோயிலுக்குப் போன?" என்றாள் அம்மா.

"செத்தச் சும்மா இரும்மா. நான் வளந்துக்கிட்டு இருக்கேன்."

இப்போது பேனா நிற்கவே இல்லை. 'முதலாண்டில் நான் எதையும் பார்க்காமலே எழுதினேன். என் கதையை ஊர் வாங்கித் திருத்திக்கொண்டது. நிலவை எடுத்துவிட்டு வெயிலை வைத்தது. வெள்ளைச் சேலையைக் கழற்றிவிட்டு ஓவர்கோட்டு மாட்டியது. வில்வண்டியை அனுப்பிவிட்டு ஷிப்ட் வண்டிக்குக் காத்திருக்கச் சொன்னது. நான் பயமுறுத்தப் பார்த்தேன்; ஊரோ அவளுக்கு வீட்டுக்குப் போகும் அவசரத்தைக் கொடுத்தது. அதுதான் பயமாக இருக்கிறது. இன்று எழுதினால் நான் அவளைக் கத்த விடமாட்டேன். ஊக்கு குத்திய செருப்பிலிருந்து தொடங்குவேன்.'

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். தான் எழுதியதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாகக் காது சுடவில்லை.

மறுநாள் காலை ஆசிரியர் அறையில் பியூலா மிஸ் கட்டுரையை நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோப்பு வந்த இடத்தில் அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தன் எழுத்து ஒருவரை வியர்க்க வைப்பதை நாகஜோதி அன்றுதான் பார்த்தாள். மனசு நிறைந்துவிட்டது.

"உங்களாலதான் மிஸ். நீங்க மட்டும் அந்தக் கதைய மத்தவங்களுக்குச் சொல்லலன்னா, ஊருல இப்படிப் பரவியிருக்குமா?"

மிஸ் கட்டுரையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நாகஜோதி, இத ஹெச்.ஓ.டி.கிட்டச் சொல்லிராத. அந்த வருசம் எனக்குப் பிரசவ நேரம்மா, உங்க க்ளாஸ் கதையில ஒண்ணக்கூட நான் படிக்கல, தலைப்பப் பாத்துத்தான் எல்லாருக்கும் 'மிக நன்று' போட்டேன்."