நிஷானிக்கு உன் வீட்டில் அறை இல்லை

மடுமாதா துணை

வென்ட்வேர்த்வில், சிட்னி

மிச்சிகனில் குடும்பமாய் வாழும் என் அன்புத் தங்கை மரியமலருக்கு அண்ணன் கொட்பிறி எழுதிக்கொள்வது. உனக்கும் மச்சான் அலனுக்கும் தேக சுகத்தையும், உங்கள் வாசலில் கிடக்கும் பனிக்குக் கொஞ்சம் புத்தியையும் ஆண்டவர் அருள்வாராக. இங்கே எல்லோரும் சுகம். என் கழுத்துகூடச் சுகம். அதுதான் கரைச்சல், கீழே விளக்குகிறேன்.

வட்சப் இருக்க இவன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று யோசிப்பாய். உன் அண்ணி ஜசிந்தாவின் புட்டைப் பற்றிப் போன மாதம் உனக்கு மட்டும் எழுதியது குடும்பக் குழுவில் போய் விழுந்து, லண்டனிலிருந்து அவளுடைய தமையன் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். ஆகவே இது தபால்.

விஷயம் இதுதான். என் மகள் நிஷானிக்கு உன் வீட்டிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு பட்டம் போதாதாம், இரண்டு. ஒன்று ஒஸ்ரியோபதி என்ற எலும்பு, மூட்டு வைத்தியப் பட்டம், மற்றது ஆராய்ச்சி செய்து எடுக்கும் கலாநிதிப் பட்டம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். "அப்பா ஓம் எண்டு சொன்னாத்தான் அக்செப்ற் பண்ணுவன்" என்று நிற்கிறாள். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஜசிந்தாவின் பக்கமாக இருக்கும். நான் ஓம் சொல்லப்போவதில்லை. ஆனாலும் ஒரு பாதுகாப்புக்காக, அவள் உன்னிடம் அறை கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு. பொய் சொல்ல மனம் வராவிட்டால் அந்த அறைக்குள் நாலு பெட்டியைத் தூக்கி வை, பிறகு அது உண்மை.

நான் காரணமில்லாமல் மறுக்கிறவன் அல்ல. குளிர்சாதனப் பெட்டி திருத்துவதைப் பெட்டியைக் கழற்றித்தான் படித்தேன், ஆங்கிலத்தை அதோடு வந்த தாளில் படித்தேன். அதேபோல இந்தப் படிப்பையும் கழற்றிப் பார்த்தேன். முதல் இரண்டு வருஷம் வைத்தியம். பிறகு அதை அப்படியே வைத்துவிட்டு நாலு வருஷம் ஆராய்ச்சி. பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி. பாதி வெந்த கறியை இறக்கி வைத்துவிட்டு, மிளகாய்க் கன்று நட்டு, அது காய்த்த பிறகு கறியைத் திரும்ப அடுப்பில் ஏற்றுகிற மாதிரி. இதைச் சொன்னதற்கு, "கறெக்ற் அப்பா, அப்பதானே மிளகாய் ஏன் உறைக்குதெண்டு விளங்கும்" என்கிறாள். எலும்பில் இன்னும் என்ன ஆராய்ச்சி, எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டார்களே என்றேன். "எலும்பில்லை அப்பா. காயம் மாறின பிறகும் ஏன் நோகுது? அதைப் பாக்கிற டொக்டருக்கு லாப் இல்லை, லாபில இருக்கிறவைக்கு நோயாளி இல்லை. நான் ரெண்டு பக்கமும் நிக்கப்போறன்." ரெண்டு பக்கமும் நிற்கிறவளுக்கு ஒரு பக்கமும் கதிரை கிடைக்காது என்று சொல்லிவிட்டு நான் எழும்பி வந்துவிட்டேன்.

இந்த நாட்டில் ஒஸ்ரியோபதி படித்தவர்கள் முதுகு, கழுத்துப் பிடிப்பை எடுத்துவிடுவார்கள், மருந்து எழுத முடியாது. இதை அவர்கள் வாயாலேயே கேட்டுவந்து நிஷானியை மடக்கலாம் என்று, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் போனேன். சென்னைப் பிள்ளை, பெயர் சித்தார்த். என் கழுத்து இடது பக்கம் திரும்பாமல் இரண்டு வருஷம், அதைச் சாட்டாகச் சொல்லிப் படுத்தேன்.

"அங்கிள், மூச்சை விடுங்க. பயப்படாதீங்க."

"நான் பயப்படேல்லைத் தம்பி, விசாரிக்க வந்தனான். என்ரை மகளுக்கு அமெரிக்காவில இந்தப் படிப்பும் ஆராய்ச்சியும் சேத்து இடம் கிடைச்சிருக்கு. நீங்கள் டொக்டரோ?"

"இங்க இல்ல அங்கிள், மருந்தெல்லாம் எழுத முடியாது. ஆனா அமெரிக்கால இதே பேர்ல படிச்சா முழு டாக்டர், ஆபரேஷனே பண்ணலாம். உங்க பொண்ணு அதோட ரிசர்ச்சும் பண்ணுதா? குடுத்து வச்சவர் நீங்க."

இதைச் சொல்லிக்கொண்டே கழுத்தைத் திருப்பிவிட்டான். இடது பக்கத்தில் ஒரு பூச்சாடி நின்றது. நல்ல பூச்சாடி. என்னுடைய முக்கியமான வாதமும் போய், கழுத்தும் சுகமாகி வீட்டுக்கு வந்தால் மனிசனுக்கு எப்படி இருக்கும்? ஒருவருக்கும் சொல்லாமல் பழையபடி விறைப்பாகவே திரிந்தேன். சனிக்கிழமை கடைக்குப் பின்னால் காரை றிவேர்ஸ் எடுக்கும்போது மறந்துபோய் இடது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஜசிந்தா வீடுவரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தாள்.

கடைசியாக ஆண்டவரிடம் விட்டேன். தமிழ்ப் பூசையில் நிஷானியின் பெயரைச் சொல்லி ஒரு தனிக்கருத்து வாசித்து மன்றாடும்படி பங்குச் சுவாமியிடம் கேட்டேன். அவள் இங்கேயே நிற்கவேண்டும் என்பதுதான் கருத்து, ஆனால் அதைச் சுவாமிக்கு விளக்கவில்லை. எங்கடை ஆக்களுக்குப் பெண்பிள்ளையின் பெயரில் தனிக்கருத்து என்றால் ஒன்று கலியாணம், இல்லாவிட்டால் விசா. அதை மறந்துபோனேன். பூசை முடிந்து மண்டபத்துக்குள் காலை வைக்கவில்லை, கலா அன்ரி மறித்துவிட்டா.

"கொட்பிறி, மாப்பிள்ளை எவடம், மன்னாரோ?"

"மாப்பிள்ளை ஒருத்தருமில்லை அன்ரி" என்று ஜசிந்தா பாய்ந்து விழுந்தாள். "பிள்ளை அமெரிக்காவில டொக்டருக்கு எடுபட்டிருக்கு. ஆராய்ச்சிக்கும் சேத்து."

அவ்வளவுதான். முழங்கால்கள் வந்தன, தோள்மூட்டுகள் வந்தன, ஓர் இடுப்பைப் பேரப்பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டுவந்தார்கள். தான் இன்னும் படிக்கவே தொடங்கவில்லை என்று நிஷானி சொன்னதை ஒருவரும் காதில் போடவில்லை. அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினாள். எப்ப தொடங்கினது, நித்திரையிலயும் நோகுதோ, எதை நினைச்சால் கூடுது. வில்லாவுட் தடுப்பு முகாமில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு வந்த அருந்தவன் வந்தார். தோளில் பட்ட காயம் எப்போதோ ஆறிவிட்டது, ஆனால் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வரும் நாளெல்லாம் அது நோகும் என்றார்.

"இதுக்கு மருந்து எனக்குத் தெரியாது அங்கிள்" என்றாள். "ஏனெண்டு படிக்கத்தான் போகக் கேக்கிறன்."

"பரவாயில்லைப் பிள்ளை. எல்லாரும் படம் எடுத்துப் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டவை. நீர்தான் எப்ப நோகுதெண்டு கேட்டனீர்."

மண்டபத்தில் தேத்தண்ணிக்கு வைத்த பற்றிஸ் எல்லாம் ஆறிப்போய்விட்டது. வீட்டுக்கு வர இருட்டிவிட்டது.

ஆனாலும் நான் சொன்னது சொன்னதுதான். எட்டு வருஷம், மரியமலர். அவள் இரண்டு தொப்பியும் போட்டு வரும்போது எனக்கு என்ன வயது என்று கூட்டிப் பார். கைதட்ட நான் இருக்க வேண்டாமா? இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அறை இல்லை என்று மட்டும் சொல்.

உன் பிள்ளைகளின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். அலனுக்கு என் அன்பு, பனி தள்ளும்போது குனிந்து தள்ளவேண்டாம் என்று சொல்லு.

இப்படிக்கு,
மனம் மாறாத அண்ணன்,
கொட்பிறி

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முத்திரை வாங்கப் போகவில்லை. மழை. நேற்றுத்தான் கடைசி நாள். நிஷானி குசினி மேசையில் லப்ரொப்பைத் திறந்து, 'அக்செப்ற்' என்று அமத்தவேண்டிய இடத்தை எனக்குக் காட்டிவிட்டு, வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். நான் எதிர்க் கதிரையில் இருந்தேன்.

"நீங்கள் சொல்லாட்டி நான் அமத்தமாட்டன் அப்பா."

"நான் சொல்லமாட்டன்."

"சரி."

வெங்காயம் முடிந்து உள்ளி தொடங்கினாள். உள்ளியும் முடிந்தது. இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. நான் ஓம் சொல்லவில்லை, அதற்கு நீ சாட்சி. விரலால் அமத்தினேன், அவ்வளவுதான். கண்ணாடி போடாததால் தவறித் தட்டுப்பட்டது என்று ஜசிந்தாவுக்குச் சொல்லியிருக்கிறேன், கேட்டால் நீயும் அப்படியே சொல்லு. ஆவணியில் வருகிறாள். கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடு, அவளுக்குக் குளிர் ஒத்துவராது. எனக்கு நிலத்தில் ஒரு பாய் போதும்.