அம்மாவின் பாய்க்கு என் வீட்டில் இடம் உண்டு

மாங்கெரே, ஆக்லாந்து
சனிக்கிழமை காலை

என் கண்ணின் கருமணியான தெலேசியா அக்காவின் சமூகத்துக்கு, தம்பி பெனியமினா தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் வீட்டுக்காரி லோசாவும் சுகம். அந்தச் சுகத்தை வைத்துக்கொள்ளவும் இந்த வீட்டில் தனியாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சவாயித் தீவில் தாங்களும் அத்தானும் பிள்ளைகளும் பன்றிகளும் நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் மாலை ஜெபத்தில் கேட்கிறோம்.

நிற்க. போன வாரம் தொலைபேசியில் அம்மா பின்னிய சீர்ப்பாயை இனி யாரிடம் ஒப்படைப்பது என்ற பேச்சு வந்தது. அப்போது தாங்கள், "உன் வீட்டுக்கா? அந்தப் பெட்டிக்குள்ள பாயை வைக்கணும்னா ஒண்ணு பாயை நறுக்கணும், இல்ல உன்னை நறுக்கணும்டா" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அக்கா சொல்லுக்குத் தம்பி எதிர்ச்சொல் பேசுகிற வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. ஆகவே எதிர்த்துப் பேசவில்லை, எழுதுகிறேன். பிரிஸ்பேனில் இருக்கும் நம் தம்பி இயோனாவுக்கு நாலு அறை வீடும் இரண்டு கார் நிறுத்தும் கொட்டகையும் இருக்கின்றன என்பதற்காக அம்மாவின் பாய் அவனிடம் போகவேண்டுமா? அந்தக் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் அவன் பாய்களைச் சுருட்டி வைத்திருக்கிறான். எலி வந்து போகிறது. இதை நான் கோள் சொல்வதாக நினைக்க வேண்டாம். எலியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

என் வீடு சின்னது என்பது உண்மை. மகளுடைய வீட்டுப் பின்தோட்டத்தில் சக்கரத்தின் மேல் நிற்கிறது. ஆனால் அக்கா, நான் இந்த ஊரில் ஓய்வு பெறும் வரை பேருந்து ஓட்டியவன். "உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க" என்று சொல்லிச் சொல்லியே எள் விழ இடமில்லாத வண்டியில் ஒரு முழுப் பாடகர் குழுவை ஏற்றியிருக்கிறேன். இடம் என்பது இருப்பதில்லை, உண்டாக்குவது. இந்த வீட்டில் எந்தப் பொருளும் ஒரே ஒரு வேலையை வைத்துப் பிழைக்க முடியாது. சோபா என்று பார்ப்பவர்கள் நினைப்பது சீருக்கென்று வாங்கிவைத்த டின் மீன் பெட்டிகள். மேலே பூப்போட்ட துணி விரித்திருக்கிறது. ஐம்பது பேருக்குச் சமைக்கிற பெரிய பானைக்குள் நடுத்தரப் பானை, அதற்குள் சின்னப் பானை, அதற்குள் என் கோயில் செருப்பு. லோசாவின் வெள்ளைத் தொப்பிகள் எல்லாம் விளக்குகளைச் சுற்றித் தொங்குகின்றன. ஞாயிறு காலையில் அவள் தொப்பியை எடுத்ததும் வீடு பளிச்சென்று ஆகிவிடும்.

எங்கள் படுக்கை பரணில். வீட்டோடு வந்த ஏணி ஏறி இறங்க மட்டும்தான் உதவியது. எதையும் உள்ளே வைக்க முடியாத பொருளுக்கு என் வீட்டில் இடமில்லை என்று அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக டின் மாட்டிறைச்சிப் பெட்டிகளைக் கீழிருந்து மேல்வரை படிபடியாக அடுக்கியிருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கான சீர் அப்படியே படிக்கட்டாக நிற்கிறது! இதைப் பார்த்துவிட்டு மகள், "அப்பா, இது வீடா இல்ல கடையா?" என்று கேட்டாள். பொறாமை.

சின்னச் சின்னச் சங்கடங்கள் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். போதகர் வீட்டுக்கு வந்து சோபாவில் அமர்ந்து நற்செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவருக்குச் சாப்பாடு போட மீன் டின் எடுக்க வேண்டியிருந்தது. அவரோ டின்னின் மேல் இருந்தார். "போதகரே, கொஞ்சம் எழுந்திருங்க, உங்க சாப்பாட்டு மேல உக்காந்திருக்கீங்க" என்று லோசா சொல்லிவிட்டாள். அவர் நல்லவர், எழுந்தார். அன்றைக்கே இன்னொன்று நடந்தது. எங்கள் சாப்பாட்டு மேசை சுவரிலிருந்து மடங்கி இறங்கும். இறங்கினால் குளியலறைக் கதவு திறக்காது. லோசாவின் அண்ணன் பிலிபோ உள்ளே கைகழுவப் போயிருந்தது தெரியாமல் மேசையை இறக்கிப் பதார்த்தமெல்லாம் பரப்பிவிட்டோம். போதகர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஜெபத்தின் நடுவே யார் எழுந்து மேசையைத் தூக்குவது? நம் ஊரிலிருந்து இங்கே வந்தவர்தானே, அவருடைய ஜெபம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும், உங்கள் கல்யாணத்தில் பன்றிக்கறி ஆறிப்போனது அவரால்தானே. கடைசியில் குளியலறைக்குள்ளிருந்து ஓங்கி ஓர் "ஆமென்" வந்தது. மச்சான் ஒன்றும் வருத்தப்படவில்லை, குளித்தே விட்டார்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். சீர்ப்பாயை மெத்தைக்கு அடியில்தானே வைக்க வேண்டும்? எங்கள் மெத்தைக்கு அடியில் இருக்கும் பாய்கள் எல்லாம் சபையே அறிந்தவை. கல்யாணமோ சாவோ, ஒரு காரியத்தில் சீராகக் கொடுப்போம், இன்னொன்றில் வாங்குவோம், எப்படியோ வாங்கியது கொஞ்சம் தூக்கலாகவே நின்று, படுக்கை மேலே மேலே ஏறிவிட்டது. கூரை என் மூக்குக்கு ரொம்பப் பக்கம். மல்லாந்து படுப்பதா, ஒருக்களித்துப் படுப்பதா என்று ஏறும்போதே முடிவெடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு மாற்ற முடியாது. இருந்தாலும் அளந்து பார்த்துவிட்டேன், அம்மாவின் பாய் ஒன்றுக்கு இடம் இருக்கிறது. நான் குப்புறப் படுக்கப் பழகிவிட்டால் போதும். பட்டுப்போல மெத்தென்று, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்து, கண் மங்கும்வரை உட்கார்ந்து அம்மா பின்னிய பாய் அது. அதன் மேல் தூங்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது அக்கா. வேறு எதையும் நான் உங்களிடம் கேட்டதில்லை. என் வீடு பெட்டி இல்லை, பெட்டகம். நம்பி அனுப்புங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் மீன்வலை நிறையட்டும், உங்கள் தென்னைகளில் வண்டு ஏறாதிருக்கட்டும், உங்கள் கை நீண்ட காலம் எங்கள் தலைமேல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
பெனியமினா

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் பிலிபோ மச்சான் லாரியோடு வந்து நின்றார். லோசாவின் பெரியண்ணனுக்கு ஊரில் குடும்பத் தலைவர் பட்டம் கட்டுகிறார்களாம், சீர் உடனே கப்பலேற வேண்டுமாம். "மாப்பிள்ளை, மத்த மாப்பிள்ளைங்க எல்லாரும் குடுத்தாச்சு. உங்களோடது சின்ன வீடு, உங்களால முடிஞ்சதை..." என்று இழுத்தார். சின்ன வீடு! "லாரிக் கதவை முழுசாத் திறங்க மச்சான்" என்றேன். சோபா போயிற்று. பரணில் இருந்த லோசாவுக்குத் தன் அண்ணனின் பட்டம் என்றதும் கால் தரையில் பாவவில்லை. மேலிருந்து ஒவ்வொரு பாயாக வீசினாள். "இந்தாங்கண்ணா, இதையும் பிடிங்க! என்னங்க, அந்தப் படி சும்மாதானே நிக்குது? அதையும் ஏத்துங்க!" என்றாள். "படியையா?" என்று பிலிபோ தயங்கினார். "படியைத்தான்" என்று முதல் பெட்டியை நானே தோளில் தூக்கினேன். எங்கள் சபையில் இவ்வளவு நிறைந்த லாரியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அக்கா. தெருவே வேலியில் வந்து நின்றது.

லாரி திருப்பம் தாண்டிய பிறகுதான், "என்னங்க, நான் எப்படி இறங்குறது?" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்கும் ஈனம் நமக்கு வேண்டாம். மகள் ஏணி இரவல் கேட்டுப் பக்கத்துத் தோங்காக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவர்கள் ரக்பி பார்க்கப் போயிருக்கிறார்கள். வாளியில் கயிறு கட்டித் தேநீர் அனுப்பினேன். லோசா குடித்துவிட்டு, "படிதான் போச்சு, மானம் போகலைல்ல?" என்று கேட்டாள். போகவில்லை என்றேன்.

வீடு இப்போது காலி. அம்மாவின் பாயை விரித்தே வைக்கலாம், அவ்வளவு இடம். ஆனாலும் அனுப்ப வேண்டாம் அக்கா. அது மட்டும் இன்று இங்கே இருந்திருந்தால், பிலிபோ 'சின்ன வீடு' என்று வாயெடுத்ததுமே முதலில் அதைத்தான் விரித்துக் கொடுத்திருப்பேன். இயோனாவிடமே கொடுங்கள். அவன் யாருக்கும் எதையும் கொடுத்தவன் இல்லை, பத்திரமாக இருக்கும்.