ஞானியின் கட்டைவிரல்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடியிருப்பின் பொது அறையில் காலை வைக்க இடமில்லை. இலவசமாக ஏதோ கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விற்கிறார்கள். அதுவும் ஸ்பீக்கர்! கையில் தூக்கிக்கொண்டு போகலாம், வயர் கிடையாது, போனில் தட்டினால் பாட்டு வரும். கடைத்தெருவில் எங்கே போனாலும் கிடைக்கிற சாமான்தான். ஆனால் இங்கே விற்பவர் கடைக்காரர் இல்லையே, ஒலிஞானி அல்லவா? ஞானி விற்றால் சாமான் வெறும் சாமானாக இருக்குமா? அதற்குப் பெயர் "நாதபீடம்".

முதல் வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தவர் என் அண்ணன். அவர் தணிக்கை அதிகாரி. கம்பெனிகளின் கணக்கையெல்லாம் துருவித் துருவிப் பார்த்து, ஒரு டீச்செலவுக்கு ரசீது இல்லையென்றால் ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். அந்த மூளையை மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிடுவார்.

கூத்து ஆரம்பித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணி இதே அறையில் வயதானவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறார். காலரில் ஒரு சின்ன மைக், ஓரமாக ஒரு ஸ்பீக்கர். அண்ணி சொல்லச் சொல்ல அவர்கள் கையைக் காலை அசைப்பார்கள். போன மாதம் வகுப்பு நடுவில் அந்த ஸ்பீக்கர் திடீரென்று ஓர் ஆண் குரலில், "இப்படியே போனா நீ உருப்படவே மாட்டே!" என்று கத்தியது. ஒற்றைக் காலில் நின்றிருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தடுமாறி விழுந்தார். நல்லவேளை, எலும்பு தப்பியது. ஸ்பீக்கர் தப்பவில்லை. அதன் மேல்தான் விழுந்தார்.

பேய் என்றார்கள். பீடை என்றார்கள். குடியிருப்புச் செயலாளர் வேறு மாதிரி சொன்னார். "இன்னொருத்தர் விழுந்தா வகுப்பை இழுத்து மூடிடுவேன்." வகுப்பு போனால் அண்ணிக்கு வேலை போகும். வருகிறவர்களுக்கோ, மருந்துக்கடையைத் தவிர வெளியே கிளம்ப இருக்கிற ஒரே காரணமும் போகும். எனவே எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்குவது என்று முடிவாயிற்று. எது நல்லது என்பதில்தான் தகராறு.

அண்ணி கடையில் நாலைந்தைக் கேட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒன்றை எடுத்து வந்திருந்தார். பார்ப்பதற்குச் சோப்பு டப்பா மாதிரி இருக்கும். அண்ணன் அழைத்து வந்தது ஒலிஞானியை. ஞானியின் நாதபீடம் வெண்கல நிறத்தில், பூசணிக்காய் வடிவத்தில் பளபளத்தது. ஒரு பூசணிக்காயின் விலைக்குப் பத்து சோப்பு டப்பா வாங்கலாம்.

ஞானி முதலில் மூச்சை இழுத்து அறையை நாலா பக்கமும் முகர்ந்து பார்த்தார். ஒலிஞானிக்கு மூக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"ஏன் உருண்டையா இருக்குன்னு கேப்பீங்க," என்று ஆரம்பித்தார். "பீடை எங்க உக்காரும்? மூலையில. நாதபீடத்துல மூலை இருக்கா?"

"இல்ல சாமி!"

"அப்ப எங்க உக்காரும்?"

கூட்டம் யோசித்துப் பார்த்தது. பாவம், உட்கார இடமில்லைதான்.

"விலை ஜாஸ்தின்னு கேப்பீங்க. விலை குறைஞ்சா பலனும் குறையும். ஒருத்தர் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிட்டுப் போனாரு. இப்ப அவருக்கு ஒரு காதுதான் கேக்குது."

பேரம் பேசலாம் என்று வந்திருந்த இரண்டு பேர் காதைத் தடவிக்கொண்டார்கள்.

"கடைசியா ஒண்ணு. வயர் இல்லாம பாட்டு வருதா இல்லையா? வருது! வயர் இல்லாம பாட்டு வரும்னா, வயர் இல்லாம பீடை வராதா?"

அண்ணன் துள்ளி எழுந்தார். "பாரு, எவ்வளவு லாஜிக்கா பேசறாரு!"

பிறகு ஞானி பூசணிக்காயைக் கூட்டத்திடம் கொடுத்தார். கைக்குக் கை மாறியது. "அடேயப்பா, என்னா கனம்!" என்று ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். சோப்பு டப்பாவையும் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

"பெட்டி கனமா இருந்தாத்தான் சத்தம் கனமா வரும்," என்றார் ஞானி.

இந்தக் கனம் என்ற சொல் இருக்கிறதே, பாவம், நம் மொழியில் அதற்கு ஓய்வே கிடையாது. அரிசி மூட்டையும் கனம், நீதிபதியும் கனம், நெஞ்சில் அதிர்கிற சத்தமும் கனம். ஞானி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எங்கள் தலையில் ஏற்றினார். நாங்களும் தலையை வாகாகக் குனிந்து கொடுத்தோம்.

அடுத்தது சோதனை. முதலில் ஞானி தன் போனிலிருந்து சோப்பு டப்பாவில் ஒரு பாட்டு போட்டார். ஜலதோஷம் பிடித்த கொசு மாதிரி முனகியது. பிறகு அதே போனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடினார். "நாதமே, எழும்பு!" என்றார். எழும்பியது! அதே பாட்டு, ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், "என் முதுகுவலி குறைஞ்சிடுச்சு!" என்று நிமிர்ந்தார். எனக்கே ஒரு கணம் மெய் சிலிர்த்தது.

அண்ணி என் காதருகே குனிந்தார். "தம்பி, அவர் கண்ணை மூடினா எல்லாரும் அவர் மூஞ்சியையே பாக்கறீங்களே. கட்டைவிரலைப் பாத்தீங்களா?"

மறுபடி மாற்றி மாற்றிப் போட்டபோதுதான் பார்த்தேன். ஞானியின் உடம்பு முழுக்கத் தியானத்தில் இருந்தது, வலது கட்டைவிரல் மட்டும் போனின் பக்கவாட்டில் டியூட்டி பார்த்தது. பூசணிக்காய் பாடும்போது சத்தம் ஏறும். சோப்பு டப்பாவின் முறை வந்தால் இறங்கும்.

"கத்திச் சொல்லிடலாமா அண்ணி?"

"சொன்னா எனக்குத்தான் பேய் பிடிச்சிருக்கும்பாங்க. அவங்க காதாலயே கேட்டுக்கட்டும்."

அண்ணி முன்னால் போய்ப் பணிவாக நின்றார். "சாமி, ஒரு சந்தேகம். பீடத்தை அந்த மேடைத் திரைக்குப் பின்னால வெச்சாலும் நாதம் கேக்குமா?"

"திரை என்னம்மா திரை! சுவரையே துளைக்கும்."

"பேச்சுக் குரலும் வருமா?"

"அசரீரி மாதிரி வரும்."

"அப்ப நீங்க நிம்மதியா தியானம் பண்ணுங்க. போனை நான் வெச்சுக்கறேன்."

ஞானியின் முகம் லேசாகச் சுருங்கியது. "நாதம் என் கைக்கு மட்டும்தாம்மா எழும்பும்."

"அப்ப நாங்க வீட்டுக்கு வாங்கிட்டுப் போனா எழும்பாதா?"

கூட்டத்தில் முதல் தடவையாக ஒரு சலசலப்பு. காசு கொடுக்கப் போகிறவர்கள் அல்லவா? ஞானி போனைக் கொடுத்தார்.

இரண்டு பெட்டிகளையும் திரைக்குப் பின்னால் வைத்தோம். என் போனில் சத்தத்தை அளக்கிற செயலி ஒன்று உண்டு. அதைப் பார்த்து அண்ணி இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் வரும்படி வைத்தார். மைக்கை ஒரு பெட்டியில் இணைத்து, "தோளைத் தூக்குங்க," என்றார்.

திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பஸ் டிரைவர் காலைத் தூக்கி ஆடினார். தலைமையாசிரியை அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினார். "நாலையா? எந்த நாலை?" என்று யாரோ கேட்டார். அண்ணனுக்கு எதையோ தூக்கச் சொன்னது மட்டும்தான் கேட்டிருக்கிறது. பக்கத்திலிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அண்ணி மைக்கை அடுத்த பெட்டிக்கு மாற்றினார். "தோளைத் தூக்குங்க. இறக்குங்க. இடது காலை முன்னால வைங்க." அறை முழுக்க ஒரே ஆளைப் போல அசைந்தது. பிறகு இரண்டிலும் அதே பாட்டை ஒரு தடவை போட்டார்.

"இப்ப சொல்லுங்க. நாதபீடம் எது?"

"ரெண்டாவது!" என்று அறையே கத்தியது. அண்ணன் குரல்தான் உசத்தி. "இதுல என்ன சந்தேகம்? எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது! அந்த முதல் டப்பாவைத் தூக்கிக் குப்பையில போடு!"

நான் திரையை இழுத்தேன். இரண்டாவது, சோப்பு டப்பா.

"பீடை!" என்று ஞானி குதித்தார். "பெட்டி மாறி உக்காந்துடுச்சு!"

"மூலையே இல்லாத பெட்டியில எப்படிங்க உக்காரும்?" என்றார் பஸ் டிரைவர்.

அண்ணனின் முகத்தில் திங்கட்கிழமை உதித்ததை அப்போதுதான் பார்த்தேன். ஆபீசில் பூட்டியிருந்த மூளை ஒரு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டது. விறுவிறுவென்று மேடையேறிப் பூசணிக்காயைத் தலைகீழாகக் கவிழ்த்தார். "சாமி, இந்தக் கனத்துக்குக் கணக்கு காட்டுங்க," என்றார். ஞானி வாசல் பக்கம் பார்த்தார். அண்ணனே ஒரு நாணயத்தால் அடித்தட்டின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சாதாரண ஸ்பீக்கர். அதன் பக்கத்தில், பசை போட்டு ஒட்டிய ஒரு சிமெண்ட் கட்டி.

"அப்ப அன்னைக்குக் கத்துன பேய்?" என்று ஒருவர் விடாமல் கேட்டார்.

பின் வரிசையில் மூன்றாவது மாடிக்காரர் தலையைச் சொறிந்தபடி எழுந்தார். "அது நான் தினம் போன்ல கேக்கற தன்னம்பிக்கைப் பேச்சுங்க. அன்னைக்கு என் போன்ல சத்தமே வரலை. எங்க போச்சுன்னு நானும் ஒரு மாசமா தேடிக்கிட்டிருக்கேன்."

அறை அதிர்ந்து சிரித்தது. அந்த ஆரவாரத்தில் ஞானியைக் காணோம். போனை மறக்காமல் எடுத்துக்கொண்டவர் பூசணிக்காயை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஓடுகிற ஆளுக்கு அது கனம்.

"ஆனா என் முதுகுவலி நிஜமாவே குறைஞ்சுதேம்மா," என்றார் தலைமையாசிரியை.

"நாதம் எழும்புதுன்னதும் நிமிர்ந்து உக்காந்தீங்க டீச்சர். அதைத்தானே நான் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்கேன்!"

வகுப்பு இப்போதும் நடக்கிறது. யாரும் விழவில்லை. தோள் என்றால் தோள் எழும்புகிறது, கால் என்றால் கால். வேறு போன் எதுவும் இணையாதபடி அண்ணி மறக்காமல் சோப்பு டப்பாவுக்கு ரகசிய எண் போட்டு வைத்திருக்கிறார், மாடிக்காரரின் தன்னம்பிக்கை இனி மாடியிலேயே இருக்கும். நாதபீடமும் சும்மா இல்லை. காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. வேலைக்குத் தகுந்த கனம்.

இனி உங்கள் எதிரில் எவனாவது பொருளையும் வைத்துக்கொண்டு கண்ணையும் மூடினால், நீங்களும் கூடச் சேர்ந்து மூடிவிடாதீர்கள். அவன் கட்டைவிரலைப் பாருங்கள். கழுத்துக்கு மேலே நாமும்தான் ஒரு கனத்தைச் சுமந்து திரிகிறோம். உள்ளே இருப்பது சிமெண்ட் இல்லை என்று எப்போதாவது ஒரு தடவை காட்ட வேண்டாமா?